டிரில் சார் எழுப்பிவிட்ட பத்தாம் வகுப்பு

ஓடைக்கண்டிகை ஜில்லா பரிஷத் உயர்நிலைப்பள்ளியில் மணி அடித்தால் பாதிப் பிள்ளைகள்தான் காதில் போட்டுக்கொள்வார்கள். டிரில் சார் காலேப் விசில் ஊதினால் மட்டும், மதில் ஓரம் மேய்கிற எருமைகூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும். ஆள் என்னவோ ஒல்லிதான். இவ்வளவு காற்றை எங்கே வைத்திருக்கிறார் என்று அவர் மனைவி ஹன்னாவுக்கே இத்தனை வருஷமாகப் பிடிபடவில்லை.

காலேப் சித்தூர்க்காரர். மிஷன் காம்பவுண்டில் பிறந்து, சர்ச்சுக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் பந்து உதைத்தே வளர்ந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இரண்டும். இரண்டு மொழியிலும் அவருக்குக் கணக்கு மட்டும் வரவில்லை. பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டைவிட்டு, மூன்றாவது தடவை கரையேறினார். இதையெல்லாம் மூடி மறைக்கிற ஆள் அவரில்லை. ஒவ்வொரு வருஷமும் விளையாட்டு விழா மேடையில் மைக்கைப் பிடித்து, "நான் ரெண்டு வாட்டி ஃபெயிலு. மூணாவது வாட்டி பாஸு. இப்போ உங்களுக்கே சாரா வந்து நிக்கிறேன்" என்பார். பிள்ளைகள் ஆரவாரம் செய்வார்கள். ஹெச்.எம். யாமினி தலையில் கை வைத்துக்கொள்வார்.

யாமினி அம்மாவைக் குறை சொல்ல முடியாது. திருப்பதியிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்து, பள்ளிக்கூடத்தைத் தன் சொந்த வீடு மாதிரி பார்த்துக்கொள்கிறவர். அவருக்கு இருந்தது ஒரே ஒரு வருத்தம். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டில் ஓடைக்கண்டிகை பள்ளிக்கூடம் மண்டலத்திலேயே கடைசி. போன வருஷமும் கடைசி, அதற்கு முந்தின வருஷமும் கடைசி. பிச்சாட்டூர் பக்கம் எந்த மீட்டிங்குக்குப் போனாலும் மற்ற ஹெச்.எம்.கள் இரக்கப்பட்டு இவருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஏன் கடைசி என்று கேட்டால் டீச்சர்கள் அறையில் ஆளுக்கொரு பதில் வரும். ஊர் அப்படி. பிச்சாட்டூருக்கும் நாகலாபுரத்துக்கும் நடுவில், தமிழ்நாட்டு எல்லையை உரசிக்கொண்டு கிடக்கிறது. பத்தாம் வகுப்பில் சரிபாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், மீதிப் பேர் தமிழ். ஏரிக்கரை இருளர் காலனியிலிருந்து சிலர், மசூதித் தெருவிலிருந்து சிலர். இது போதாதென்று சில வருஷமாகப் புது வரவு: ஸ்ரீசிட்டி கம்பெனிகளில் வேலை கிடைத்து, ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் பக்கமிருந்து வந்து வாடகைக்குக் குடியேறியவர்களின் பிள்ளைகள். தெலுங்கு சார் தமிழ்வீட்டுப் பிள்ளைகளைச் சொல்வார். இங்கிலீஷ் டீச்சர் காலனிப் பிள்ளைகளைச் சொல்வார். கணக்கு டீச்சர் எல்லோரையும் சொல்வார். ஆக, அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு பிள்ளையும் யாரோ ஒருவருடைய கணக்கில் குற்றவாளிதான்.

டிசம்பர் மாதம் யாமினி அம்மா எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு திட்டம் சொன்னார். அவர் தெலுங்கில்தான் பேசினார், நான் தமிழில் சொல்கிறேன்.

"இந்த வருஷம் ஆளுக்கு நாலு பிள்ளையைத் தத்து எடுக்கணும். விடியறதுக்கு முன்னாடி போன் பண்ணி எழுப்பணும். படிக்கிறாங்களான்னு கேக்கணும். அந்த நாலு பேரும் பாஸ் ஆறது உங்க பொறுப்பு. அப்புறம், டென்த்துக்கு இனிமே கேம்ஸ் பீரியட் கிடையாது. அதைக் கணக்குக்குக் குடுத்தாச்சு."

முதல் நான்கு வாக்கியம் வரை காலேப் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாவதில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"மேடம், நாள் பூரா உக்காந்திருக்கிற புள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம்தான் மேடம் மூச்சு! எங்க கோ-கோ பொண்ணுங்க ஜில்லா ஃபைனல் வரைக்கும் போனவங்க. அதுல மூணு பேரு டென்த்து."

"கோ-கோவுக்கு மார்க் போடுவாங்களா சார்?"

"கிரவுண்டுக்கு வராத புள்ள கிளாஸ்ல தூங்கும் மேடம்."

"இப்ப கிரவுண்டுக்கு வர்ற பிள்ளைங்களும் கிளாஸ்ல தூங்கத்தானே செய்யுது!" என்றார் கணக்கு டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள். காலேபுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"எனக்கும் நாலு பேர் குடுங்க. நாலு பேரும் பாஸ் ஆனா, அடுத்த வருஷத்திலேருந்து டென்த்துக்கு கேம்ஸ் பீரியட் திரும்ப வரணும். சரியா மேடம்?"

யாமினி அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. நாலில் ஒண்ணு ஃபெயில் ஆனாலும் நைன்த்தோட கேம்ஸ் பீரியடும் கணக்குக்குப் போயிடும். சரியா சார்?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று காலேபுக்கு அப்போதே புரிந்தது. ஆனால் இத்தனை பேர் முன்னால் எழுந்து நின்றாயிற்று. "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

டீச்சர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். யார் யாரை எடுத்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். கடைசியில் யாரும் எடுக்காமல் மிஞ்சிய நாலு பேர் டிரில் சாருக்கு வந்தார்கள். ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கும் முனிரத்தினத்தின் மகன் பாபு. மசூதித் தெரு சலீம். காலனியிலிருந்து வருகிற சிரஞ்சீவி. ஊத்துக்கோட்டையில் எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு வந்து சேர்ந்த மோகனப்ரியா. மோகனப்ரியா கோ-கோவில் ஓடினால் கண்ணால் பிடிக்க முடியாது. பாடப் புத்தகத்தைத் திறந்தால்தான் தொல்லை. இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் அதே பாடம் தெலுங்கில். "எனுக்கு மூணாவது பக்கம் ஒண்ணு வேணும் சார்" என்றாள் அவள்.

மறுநாளிலிருந்து காலேப் போனை எடுத்துக்கொண்டார். டீச்சர்களில் ஓடைக்கண்டிகையிலேயே வீடு எடுத்துத் தங்கியிருந்தது அவர் ஒருவர்தான். சேவல் கூவுவதற்கு முன் எழுந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்று ஒவ்வொரு நம்பராக அடிப்பார். எல்லாம் அப்பாக்களின் நம்பர்கள்.

"முனிரத்தினம், பாபு எழுந்தானா?"

"எய்ந்துட்டான் சார்! பட்ச்சிக்கினு கீறான் சார்!"

சிரஞ்சீவியின் அப்பா தெலுங்குக்காரர். அவரும் சளைக்கவில்லை. "லேச்சினாடு சார்!" என்பார். எழுந்துவிட்டான் என்று அர்த்தம். சலீமின் அப்பா, மோகனப்ரியாவின் அப்பா, எல்லோரும் முதல் ரிங்கிலேயே எடுத்தார்கள். ஒருவர் குரலிலாவது தூக்கக் கலக்கம் இல்லை. இப்பேர்ப்பட்ட பெற்றோர் இருக்கையில் ரிசல்ட் ஏன் வரவில்லை என்று காலேப் வியந்தார்.

"பின்னாடி இன்னா முனிரத்தினம், கடகடன்னு சத்தம்?"

"ஃபேன் சார். பழைய ஃபேனு."

"அத்த ரிப்பேர் பண்ணுய்யா. புள்ள படிக்கிற எடம்."

"பண்ணிடறேன் சார்!"

போனை வைத்ததும் டீச்சர்களின் வாட்ஸ்அப் குழுவில், 'என் நாலு பேரும் எழுந்தாச்சு' என்று போடுவார். கூடவே ஒரு சூரியன் படம். ஜனவரி முழுவதும் தினம் ஒரு சூரியன் உதித்தது. கணக்கு டீச்சர் அந்தக் குழுவை மௌனமாக்கி வைத்துவிட்டார். ஹன்னா மட்டும், "ஊர்ல இருக்கிற புள்ளைங்கள எழுப்பறது இருக்கட்டும், நம்ம வீட்ல எனக்கு ஒரு காபி போட்டு எழுப்பக் கூடாதா?" என்று கேட்டுப் பார்த்தார். அவர் நாகலாபுரம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை டூட்டி இருக்கிற நாளில் அவரும் இருட்டோடு எழ வேண்டும்.

பிப்ரவரியில் ப்ரீ-ஃபைனல் பரீட்சை வந்தது. காலேபின் நாலு பேரும் கணக்கில் ஃபெயில். சாதாரண ஃபெயில் இல்லை. காலாண்டுப் பரீட்சையில் வாங்கினதைவிடக் குறைச்சல்.

விடைத்தாள்களைப் பார்த்ததும் காலேபுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாலு பேரையும் கிரவுண்டு ஓரத்துப் புங்கமரத்தடியில் நிறுத்தினார். "டேய், தெனமும் விடியறதுக்கு முன்னாடி எழுந்து இன்னாதான்டா பண்ணிக்கினு இருந்தீங்க?"

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாபுதான் வாயைத் திறந்தான். "யார் சார் எய்ந்தது?"

"நான் உங்க நைனாவுக்குத் தெனம் போன் பண்றேனேடா!"

"நைனாவுக்கு நைட் ஷிப்ட்டு சார். போனும் நைனாவோட ஸ்ரீசிட்டி போயிடும். வூட்ல போன் ஏது?"

சலீம் தலையாட்டினான். மோகனப்ரியாவும் ஆட்டினாள். சிரஞ்சீவி தரையைப் பார்த்தான். காலேப் அப்படியே புங்கமர வேரில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மாதத்துக்கு மேலாக அவர் பள்ளிப் பிள்ளைகளை எழுப்பவில்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ராத்திரி முழுக்க விழித்திருந்து மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த அவர்களுடைய அப்பாக்களை எழுப்பியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் முனிரத்தினத்தை அவர் வீட்டுக்கே போய்ப் பிடித்தார். முனிரத்தினம் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார். நின்ற நிலையில் கைகட்டினார்.

"ஏன்யா பொய் சொன்ன?"

"பொய்யில்ல சார். சார் போன் பண்ணி, புள்ள எய்ந்துட்டானான்னு கேக்குறீங்கோ. இல்லன்னு எப்டி சார் சொல்றது? உங்குளுக்கு மனசு கஷ்டமாப் போவாதா?"

"அந்த ஃபேனு?"

"அது மெசின் சார்." முனிரத்தினம் கொஞ்சம் வெட்கப்பட்டார். "சார் போன் வந்தா எய்ந்து நின்னுதான் பேசுவேன். சூப்பர்வைசரே கேட்டான், யாரு போன்ல, எம்டியான்னு. எங்க பசங்களோட சார்னு சொன்னேன். இப்ப பஸ்ல எங்க நாலு பேருக்கும் தனி மருவாதி சார். தெனம் வாத்தியாரே போன் பண்றாருன்னு."

கோபப்படத்தான் காலேப் போயிருந்தார். சிரிப்பு வந்து கெடுத்துவிட்டது. முனிரத்தினத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். எதற்கென்று தெரியாமல் முனிரத்தினமும் சிரித்தார். காபி வந்தது. குடித்துவிட்டு வெளியே வந்தபோது சிரிப்பு போயிருந்தது. பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் முகங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. அந்தப் பிள்ளைகள் அவரிடம் பந்தயம் கட்டச் சொல்லிக் கேட்கவில்லை. அவர் பாட்டுக்கு அவர்களுடைய பீரியடையும் வைத்து ஆடிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது கழுத்தில் தொங்கிய விசில் கையில் தட்டுப்பட்டது. போன் எதற்கு?

மறுநாள் விடிவதற்கு முன் மொபெட்டை எடுத்தார். காலனியில் ஆரம்பித்து, மசூதித் தெரு வழியாக, பஸ் ஸ்டாண்டு பின்னாலிருக்கிற வாடகை வீடுகள் வரை ஊதிக்கொண்டே போனார். நாய்கள் எல்லாம் ஒரே கட்சியாகத் திரண்டன. எருமைகள் கயிற்றை இழுத்தன. யார் வீட்டிலோ பித்தளைக் குடம் உருண்டது. மேல்தெருவில் வெளியே கட்டில் போட்டுப் படுத்திருந்த வேங்கடாசலம் நாயுடு, எழுபது வயதுக்காரர், பூகம்பம் என்று நினைத்துத் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்துவிட்டார்.

"ஏமய்யா மாஸ்டாரு! பிச்சா நீக்கு?" பைத்தியமா உனக்கு என்று கேட்டார்.

"டென்த்து சார், பரீட்சை!" என்று கத்திவிட்டு காலேப் அடுத்த தெருவுக்குள் திரும்பிவிட்டார்.

"நான் எந்தப் பரீட்சை எழுதப் போறேன்!" என்று கிழவர் தெலுங்கில் போட்ட கூச்சல் பின்னாலேயே வந்தது.

நாலு பேரை எழுப்பப் போன விசிலுக்குப் பத்தாம் வகுப்பு முழுவதுமே எழுந்துவிட்டது. எழுந்த பிறகு சும்மா இருப்பானேன் என்று பாதிப் பேர் என்ன நடக்கிறது பார்க்கக் கிரவுண்டுக்கு வந்தார்கள். காலேப் முதலில் எல்லோரையும் இரண்டு சுற்று ஓடவிட்டார். பிறகு வராந்தா விளக்கடியில் உட்காரவைத்தார். அங்கேதான் அவருக்குக் கைகால் ஓடவில்லை. கணக்குக்கும் அவருக்கும் உள்ள உறவுதான் ஊருக்கே தெரியுமே. கணக்கு டீச்சர் கொடுத்திருந்த முக்கியக் கேள்விகள் கையில் இருந்தன. அவற்றை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதே சந்தேகமாக இருந்தது.

மோகனப்ரியாதான் வழி சொன்னாள். "சார், கோ-கோ மாதிரி ஒக்காரலாமா?"

உட்கார்ந்தார்கள். ஒருவர் கிழக்கே பார்த்து, அடுத்தவர் மேற்கே பார்த்து, ஒரே வரிசையாக. ஒருவன் வரிசையைச் சுற்றி ஓடிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டு, யார் முதுகிலாவது தட்டி "கோ!" என்பான். தட்டு வாங்கினவர் எழுந்து ஓடிக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். வரிசையில் யாருக்குத் தெரியுமோ அவர்கள் வந்து சொல்லிக்கொடுத்து விடுவித்தால்தான் ஆட்டம் தொடரும். ஆட்டம் நின்றால் எல்லோருக்கும் எரிச்சல். அதனால் தெரிந்தவர்கள் முந்தியடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார்கள். தெலுங்குப் பக்கத்தில் இருந்ததை பாபு மோகனப்ரியாவுக்குத் தமிழில் சொன்னான். சொல்லச் சொல்லத்தான் அவனுக்கே அது புரிந்தது. சலீம் தப்பாகச் சொல்லி சிரஞ்சீவி திருத்தினான். அந்தப் பையன் வாயைத் திறந்து பேசியதையே வகுப்பு அன்றுதான் கேட்டது.

கணக்கு டீச்சர் ஒரு நாள் முதல் பஸ்ஸில் வந்து எட்டிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். "சார், சைன் தீட்டாவைக் கத்திக்கினு ஓடுதுங்க!" என்றார். மறுநாள் அவரும் முதல் பஸ்ஸிலேயே வந்தார். அடுத்த வாரம் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவரே ஓடி, "கோ!" என்று தட்டினார். காலேப் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே அவருக்குக் குளுகுளுவென்று இருந்தது. எடுத்துவிட்ட கேம்ஸ் பீரியட் விடியற்காலையில் அவர் கிரவுண்டிலேயே நடந்துகொண்டிருந்ததே!

ஊர் முதல் வாரம் சண்டை போட்டது. இரண்டாவது வாரம் புலம்பியது. மூன்றாவது வாரம் விசிலை வைத்தே பால் கறக்க ஆரம்பித்தது. வேங்கடாசலம் நாயுடு மட்டும் தினமும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, மொபெட் தாண்டும்போது, "லேச்சினாம் சார், லேச்சினாம்!" என்று கும்பிடு போடுவார். எழுந்துவிட்டோம், போய்த் தொலை என்பதுதான் அதன் முழு அர்த்தம்.

மார்ச்சில் பரீட்சை தொடங்கியது. சென்டர் நாகலாபுரம், காலையில் ஷேர் ஆட்டோவில் போக வேண்டும். மொழிப் பாடங்கள் போயின. கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் ஹன்னாவுக்கு ராத்திரி டூட்டி. காலேப் தனியாகப் படுத்தார். தூக்கம் வரவில்லை. இரண்டு தடவை கோட்டைவிட்ட கணக்கு, இத்தனை வருஷம் கழித்து மறுபடி வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. புரண்டு புரண்டு படுத்தார். எப்போது கண் மூடியதோ தெரியாது.

போன் அடித்தது. வெளியே பளீரென்று விடிந்திருந்தது.

"சார்," என்றது முனிரத்தினத்தின் குரல். பின்னால் கடகடவென்று மெஷின். "எய்ந்துட்டீங்களா சார்?"

காலேப் படுக்கையில் படுத்தபடியே, "எழுந்துட்டேன்யா" என்றார்.

"சரி சார். வூட்லேருந்து பக்கத்தூட்டுப் போன்ல சொன்னாங்கோ, இன்னிக்கி விசிலு கேக்கலன்னு. சாருக்கு ஒடம்புக்கு இன்னாவோ ஏதோன்னு…"

மீதியைக் கேட்காமல் எழுந்தார். பேண்டைப் போட்டுக்கொண்டு, விசிலைத் தேடி, ஒரு கால் செருப்போடு மொபெட்டை உதைத்தார். அது கிளம்பவில்லை. தள்ளிக்கொண்டே ஓடினார். எல்லாம் போயிற்று, நாலு பேரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள், ஆட்டோ போயிருக்கும், ஒன்பதாம் வகுப்பு என் முகத்தில் விழிக்காது என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

மேல்தெரு முனையில் நின்றுவிட்டார். எதிரே வேங்கடாசலம் நாயுடு வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டு, ஒரு கையில் கரண்டி. தட்டு நடுவில் குழிந்துபோயிருந்தது. கிழவருக்கு மூச்சு வாங்கியது. அவருக்குப் பின்னால் நின்ற ஷேர் ஆட்டோவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தலைவாரி, பொட்டு வைத்து, அடுக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"எத்தனை நேரம் காத்துக்கினு இருக்கறது?" என்று கிழவர் சாருக்காகத் தமிழிலேயே திட்டினார். "நீ வரலன்னா எனுக்குத் தூக்கமும் வரல, எய்ந்திருக்கவும் முடியல. ஊர் பூரா நானே தட்டிக்கினு வந்தேன். காலனி வரிக்கும் போனேன்யா!"

ஆட்டோவிலிருந்து நாலு தலைகள் எட்டிப் பார்த்தன. சிரஞ்சீவி கையை ஆட்டினான். மோகனப்ரியா, "சார், செருப்பு ஒண்ணுதான் போட்டுக்கினு கீறீங்கோ!" என்று கத்தினாள். ஆட்டோ சிரித்துக்கொண்டே போயிற்று. காலேப் கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டார். அழுகை வந்தது, அழுதார். தெருவில் யார் பார்த்தால் என்ன!

ஏப்ரல் வெயிலில் ரிசல்ட் வந்தது. டீச்சர்கள் எல்லோரும் ஹெச்.எம். அறையில் ஒரே போனைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். பாபு பாஸ். சலீம் பாஸ். சிரஞ்சீவி பாஸ், அதுவும் கணக்கில் அறுபதுக்கு மேல். மோகனப்ரியா கடைசி. நெட் சுற்றிச் சுற்றி வந்தது. காலேப் கண்ணை மூடிக்கொண்டு தனக்குத் தெரிந்த ஜெபம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பாஸ்! கணக்கில் முப்பத்தெட்டு. "என்னைவிட மூணு ஜாஸ்தி!" என்று காலேப் கூவிய கூவலில் விசிலே தோற்றது.

பள்ளிக்கூடம் மண்டலத்தில் கடைசியிலிருந்து இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டது. கடைசியிலிருந்து அல்ல, மேலேயிருந்து இரண்டாவது. முதலிடம் கைவிட்டுப் போனது ஒரே ஒரு பிள்ளையால். சுஷ்மிதா, அறிவியலில் ஃபெயில். அவள் யாமினி அம்மாவே தத்தெடுத்த பிள்ளை. வாசலில் நின்றிருந்த சுஷ்மிதா தூணைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். யாமினி அம்மா கண்ணாடியைக் கழற்றினார், துடைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

காலேப் எழுந்து போய் சுஷ்மிதாவின் முன்னால் நின்றார். "இன்னாம்மா அழற? நான் ரெண்டு வாட்டி. நீ ஒரு வாட்டிதான். என் ரெக்கார்டத் தொடறதுக்கே இன்னும் ஒண்ணு பாக்கி கீது." அழுதுகொண்டிருந்தவள் மூக்கை உறிஞ்சிச் சிரித்தாள். "சப்ளிமென்டரி வருது. நாளைக்குக் காலைல கிரவுண்டு. விசில் கேக்கும்."

"ஒரே பிள்ளைக்காகவா சார் ஊரை எழுப்பப் போறீங்க?" என்றார் யாமினி அம்மா.

"கோ-கோ ஆடறதுக்கு நாலு பேரு வருவாங்க மேடம்."

வந்தார்கள். பாஸ் ஆன நாலு பேரும் லீவு முழுவதும் விடியற்காலையில் எழுந்து வந்து, சுஷ்மிதாவுக்கு அறிவியல் கேள்வியை ஓடிக்கொண்டே கேட்டார்கள். சப்ளிமென்டரியில் அவள் தேறினாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது, யாமினி அம்மா டைம்டேபிளைத் தன் கையாலேயே எழுதி ஒட்டினார். பத்தாம் வகுப்பு, கடைசிப் பீரியட், கேம்ஸ். காலேப் அதை மூன்று தடவை போய்ப் படித்துவிட்டு வந்தார். சாயங்காலம் புதுப் பத்தாம் வகுப்பு கிரவுண்டுக்குள் ஓடிவந்து வரிசையாக உட்கார்ந்தது, ஒருவர் கிழக்கே பார்த்து, ஒருவர் மேற்கே பார்த்து. வராந்தாவில் ஹெச்.எம்.மும் கணக்கு டீச்சரும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். காலேப் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து விசிலை ஊதினார்.

பள்ளிக்கூட மதிலுக்கு அந்தப் பக்கம், மேல்தெருவில் மத்தியானத் தூக்கம் இன்னும் கலையாத ஒரு கட்டில் கிறீச்சிட்டது.

"லேச்சினாம் சார்!" என்று கத்தினார் வேங்கடாசலம் நாயுடு. "எல்லாரும் லேச்சினாம்!"